தமிழ்வழிப் பாடநூல்களைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் விடுங்கள்

பெறுநர்: தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், பாடத்திட்டக் குழுத் தலைவர்கள்
நகல்: பல்கலைக்கழக நூலகர்கள், இணைப்புக் கல்லூரி முதல்வர்கள்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நல்ல பாடநூலை விலையில்லாமல் கொடுக்க முடியும். அதைச் சட்டச் சிக்கல் இல்லாமலும், ஆண்டுதோறும் திருத்திப் புதுப்பிக்கிற வடிவிலும் கொடுக்க முடியும். எழுதப்பட்டவை ஏற்கனவே நிறைய இருக்கின்றன. எழுதக்கூடிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவற்றைத் திரட்டுவது, உரிமத்தைச் சரிபார்ப்பது, பட்டியலிடுவது, பல்லாண்டு காப்பது, வகுப்பறை வரை கொண்டுசேர்ப்பது ஆகிய வேலைகள் யாருடையவை என்று எந்தப் பல்கலைக்கழக உத்தரவிலும் தெளிவாக எழுதியிருப்பதாக நாங்கள் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பை உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுத்துமூலம் கொடுங்கள் என்று கேட்கவே இந்தத் திறந்த மடல். இதை எழுதுகிற நாங்கள் நூலகர்கள், தமிழ்வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தமிழ்க் கணிமையில் வேலை செய்பவர்கள்.

தமிழ்நாட்டில் பட்டப்படிப்பைத் தமிழில் நடத்துவது 1960களில் தொடங்கியது. அதற்கு நூல் வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களை நூற்றுக்கணக்கில் எழுதவைத்து வெளியிட்டது. கலைச்சொல்லுக்கும் வாக்கியத் தெளிவுக்கும் அந்தப் பேராசிரியர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தை, இன்று அந்த நூல்களைப் பிரித்தாலும் தெரிகிறது. பிறகு பாடத்திட்டம் பலமுறை மாறியது, நூல்கள் மாறவில்லை. பொதுநிதியியல் பற்றிய அத்தியாயத்தில் விற்பனை வரி இருக்கும், 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி இருக்காது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது இதே பிரச்சினை பொறியியலுக்கும் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட வெற்றிடத்தைத் தனியார் கைடுகளும் சீனியர் மாணவர் எழுதிய நோட்டின் ஜெராக்ஸும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்ற பதில் அடிக்கடி வருகிறது. இலவசமாக இறக்கிக்கொள்ள முடிவதும் திறந்த கல்வி வளமும் ஒன்றல்ல. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்ற பரிந்துரையின்படி, ஒரு பாடப்பொருள் பொதுவெளிக்கு வந்ததாக இருக்க வேண்டும், அல்லது யாரும் செலவின்றிப் பெறவும், மறுபடி பயன்படுத்தவும், மாற்றியமைக்கவும், பகிரவும் இசைவளிக்கும் உரிமத்தோடு வெளிவந்திருக்க வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடியாத நூலின், உரிமப் பக்கம் இல்லாத பிடிஎஃப் எதுவும் இந்த வரையறைக்குள் வராது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எதுவும் சொல்லாமல் வெளியான எழுத்தின் எல்லா உரிமையும் ஆசிரியரிடமே நிற்கும். அவர் மறைவுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளிடம் நிற்கும். அப்படிப்பட்ட நூலில் காலாவதியான ஒரு பத்தியை மாற்றி மாணவருக்காக மறுபடி வெளியிட ஓர் ஆசிரியருக்கு உரிமை கிடையாது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பு, பாடம் நடத்துவதற்காகப் பக்கங்களை நகலெடுப்பதை அனுமதித்தது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த வழக்கு பேசியது நகலெடுப்பைப் பற்றி. மொழிபெயர்த்து, திருத்தி, இணையத்தில் ஏற்றுவதற்கு அதை நம்பி இறங்க முடியாது.

முதலில் எங்கே கைவைப்பது? புதிதாக எழுதத் தொடங்குமுன் உங்கள் தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகப் பணத்தில், தாள்வாரியாக, அலகுவாரியாகத் தமிழில் எழுதப்பட்ட தற்கற்றல் பாடநூல்கள் அங்கே இருக்கின்றன. தொலைநிலை மாணவருக்கு மட்டும் அனுப்பப்படும் அந்த நூலை, அதே தாளை அதே பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிக்கும் மாணவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடநூல்களை இ-ஞானகோஷ் தளத்தில் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதோடு நிற்காமல் திறந்த உரிமத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

அதற்கு முன்னால் கோப்பு பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் அந்தப் பணியின்போது எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணியளிப்பவர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மதிப்பூதியம் வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து எழுதிக்கொடுத்த ஆசிரியர் அந்த வகையில் வரமாட்டார். அவர் எழுத்துமூலம் ஒப்படைத்திருந்தால்தான் உரிமை பல்கலைக்கழகத்துக்கு வரும். அப்படி ஒப்படைத்திருந்தாலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டில் அது முடிந்துபோகும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததற்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். ஆகவே, பல்கலைக்கழகம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும் பல நூல்களின் உரிமை ஓசையில்லாமல் ஆசிரியரிடமே திரும்பிப் போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு நூலுக்கும் பழைய ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கடிதம் கிடைக்காவிட்டால் ஆசிரியரைத் தேடிப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். கேட்ட விதம் சரியாக இருந்தால் பெரும்பாலானோர் மனமுவந்து கொடுப்பார்கள்.

1970களின் கல்லூரிப் பாடநூல்களுக்கும் இதேதான். அவை இன்னும் பதிப்புரிமைக் காலத்துக்குள் இருக்கின்றன. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை நூலின் உரிமைப் பக்கத்தையும் அக்கால ஒப்பந்தத்தையும் வைத்து முடிவுசெய்து, உரியவரிடம் எழுத்துமூலம் இசைவு பெற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்கள் தனித்தனியே எழுதுவதைவிட, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியாக எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்பது வேலையைக் குறைக்கும்.

இனி எழுதப்போகும் நூல்களுக்கான ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆனால் அதில் நான்கு வாசகங்கள் தவறாமல் இருக்க வேண்டும்: பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு–அதேவழிப் பகிர்வு 4.0 பன்னாட்டு உரிமத்தின் கீழ் வெளியிட இசைகிறேன். இந்த இசைவு பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும் செல்லும். பிறருடைய படமோ பத்தியோ சேர்த்திருந்தால் அதன் மூலத்தையும் உரிமத்தையும் இணைப்பில் தந்திருக்கிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது எவரும் தன் படைப்புக்குப் போட்டுக்கொள்ளக்கூடிய ஆயத்தப் பொது உரிமங்களின் தொகுதி; இந்த வகை உரிமத்தில், ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றிய வடிவையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் நூலைப் பயன்படுத்தலாம். மூன்றாவது வாசகத்தை விட்டுவிடாதீர்கள். 19-ஆம் பிரிவின் ஐந்தாண்டு விதி உரிமங்களுக்கும் பொருந்தும் என்று 30அ பிரிவு சொல்கிறது. கௌரவ விரிவுரையாளர்களிடமும் தவறாமல் படிவம் வாங்குங்கள். தமிழ்வழி வகுப்புகளின் கணிசமான சுமையைத் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். எழுதிய நூலின் முகப்பில் அவர்கள் பெயர் வர வேண்டும், மதிப்பூதியமும் மற்றவர்களுக்கு உள்ளதே வர வேண்டும். துறைத்தலைவர் பெயர் மட்டும் அட்டையில் ஏறும் வழக்கம் இந்தத் திட்டத்துக்குள் நுழையக் கூடாது.

உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்டுவிடலாமே, யாராவது அச்சடித்து விற்றுவிட்டால்?" அக்கறையோடு சொல்லப்படுவதுதான், ஆனாலும் தமிழ்வழி மாணவருக்கு அது கெடுதலாகவே முடியும். நம் ஊரில் மாணவர் கைக்குப் புத்தகம் வருவது கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை வழியாக. கடைக்காரர் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் காசு வாங்குகிறார். வணிகத் தடை உள்ள உரிமத்தின் கீழ் அது சரியா தவறா என்ற சந்தேகம் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். தடை இல்லாவிட்டால் அவர் இந்தத் திட்டத்தின் அச்சகமாகவே ஆகிவிடுகிறார். பல்கலைக்கழகம் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. பெரிய பதிப்பகம் ஒன்று அச்சிட்டு விற்றாலும், ஆசிரியர் பெயரையும் அதே உரிமத்தையும் அது காட்டியாக வேண்டும். மென்நகல் இலவசமாகக் கிடைக்கும்போது விலையை அச்சுச் செலவுக்கு மேலே அதிகம் ஏற்றவும் முடியாது.

பொருந்துமை என்ற இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் எழுத்தும், மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியமும் பெயர்குறிப்பு–அதேவழிப் பகிர்வு உரிமத்தில்தான் இயங்குகின்றன. அதே உரிமத்தில் நம் நூலும் இருந்தால் அவற்றிலிருந்து பத்திகளை எடுத்து நம் அத்தியாயத்தோடு கலந்து எழுதலாம், அவர்களும் நம்மிடமிருந்து எடுக்கலாம். வணிகத் தடை உள்ள எழுத்தையும் தடையில்லாத அதேவழிப் பகிர்வு எழுத்தையும் ஒரே அத்தியாயமாகக் கலந்தால் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற வழியே இல்லை. 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை உள்ள உரிமத்தைப் பேச்சுக்குக்கூட எடுக்க வேண்டாம். பாடநூலின் உயிரே திருத்துவதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் நம் நூலை எடுத்து அங்கு வழங்கும் கலைச்சொற்களைப் போட்டு மாற்ற நினைத்தால், அந்த நிபந்தனை அவரையும் தடுத்துவிடும்.

தன் எழுத்தை எவரோ சிதைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மாற்றிய எவரும் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. மாற்றப்பட்ட வடிவிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லவும் ஆசிரியருக்கு 4.0 உரிமத்தில் வழி இருக்கிறது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் கையெழுத்து வாங்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்து வருத்தப்பட்டால் நம்பிக்கை போய்விடும்.

அடுத்தது தமிழுக்கே உரிய கோப்புச் சிக்கல். திட்டங்கள் எழுதுபவர்கள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. வேலையில் பாதி இங்கேதான் போகிறது.

பழைய தற்கற்றல் நூல்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஆனால் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் தமிழ் எழுத்தாக உருமாறிக் குழம்பிவிடும். கருவிக்கு எழுத்துரு தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஆகவே தமிழ் எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். மூலக் கோப்பை எக்காரணத்துக்கும் அழிக்காதீர்கள்.

அச்சு நூல் மட்டும் இருந்தால் 300 டிபிஐயில் வருடி, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளில் ஓட்டலாம். நல்ல அச்சாக இருந்தால் விளைவு நன்றாகவே வரும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வடிவில் இருப்பதால் அவற்றை எழுத்துணரி அடிக்கடி தவறாகப் படிக்கும். அட்டவணையும் சமன்பாடும் ஏறக்குறைய வரவே வராது, அவற்றைக் கையால்தான் தட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'காரணம்' என்பது 'கரரணம்' என்று பதிவாகியிருக்கும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. இரண்டாவது, ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுத முடியும். ஒரே எழுத்தின் இருவித யூனிகோடு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி இயல்பாக்கத்தை ஓடவிட்டால் இது சரியாகிவிடும். மூன்றாவதுதான் பிடிவாதமானது: ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும். அரசியல் சிந்தனை நூலில் 'கௌடில்யர்' என்று தேடும் மாணவருக்கு 'கெளடில்யர்' என்று தட்டச்சான அத்தியாயம் கிடைக்காது. இயல்பாக்கம் இதைத் தொடாது. 'கண்டுபிடித்து மாற்று' என்று மொத்தமாக மாற்றினால் 'வெளி', 'வெள்ளம்' எல்லாம் கெட்டுப்போகும். 'ள'வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடுவது, இல்லாத இடங்களை மட்டும் ஆள் பார்த்துத் திருத்துவது என்ற விதி நடைமுறையில் உதவும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். பார்வையற்ற மாணவர்கள் நம் கலைக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கிறார்கள். பக்கத்தைப் படமாக மட்டும் வைத்திருக்கும் பிடிஎஃப் அவர்களுடைய திரைவாசிப்பானில் பேசாது. என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் தமிழைப் படித்துக்காட்டும், ஆனால் பிழையாகப் பதிந்த எழுத்தைப் பிழையாகவே படிக்கும். சுத்தமான யூனிகோடு எழுத்தும், முறையான தலைப்பு நிலைகளும், படங்களுக்கு விளக்க வரியும் உள்ள நூலுக்கு அவர்களுக்கென்று தனிப் பதிப்பே வேண்டாம். இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. 200 பக்கங்களை வண்ணத்தில் வருடினால் கோப்பு நூறு எம்பியைத் தாண்டிவிடும். அதே நூல் எழுத்தாக இருந்தால் சில எம்பிதான். கைப்பேசி டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் மாணவர் அதைத்தான் இறக்குவார்.

படங்களைப் பற்றி ஒரே விதி போதும். கூகுளில் தேடி ஒட்டிய படம் நூலில் இருக்கக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் உரிமத்தோடு கிடைப்பதை எடுக்கலாம், இல்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புதிதாக வரைந்துகொள்ளலாம். தேவை வளைகோட்டுக்கும் நீர்ச்சுழற்சிக்கும் அரை மணி நேரம் ஆகும். படத்துக்குள் இருக்கும் குறிப்புகளும் தமிழில் வந்துவிடும்.

புதிய நூல் எழுதுவதற்குத் தமிழ்நாட்டுச் சூழல் இப்போது தோதாக இருக்கிறது. உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. அந்த முயற்சியைப் பற்றித் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. அவற்றைத் தாண்டியும் முதலாண்டு அடிப்படைத் தாள்களின் உள்ளடக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெருமளவு ஒத்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் நுண்பொருளியல் எழுதி, இன்னொன்று நிதிக் கணக்கியல் எழுதி, மற்றொன்று இந்திய வரலாறு எழுதினால், எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளுக்கு ஐந்து அலகு என்பதால் ஐந்து பேருக்குப் பிரித்துக்கொடுப்பது நம் வழக்கம். அது நூலைக் கெடுக்கும். பொருளியலில் 'எலாஸ்டிசிட்டி' என்பதை ஒருவர் 'நெகிழ்ச்சி' என்பார், அடுத்தவர் 'மீள்திறன்' என்பார். இரண்டும் ஒன்றுதானா என்று மாணவர் தேர்வறையில் யோசிப்பார். இரண்டு பேர் எழுதட்டும். எழுதத் தொடங்குமுன் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று கலைச்சொல் பட்டியல் ஒன்று முடிவாகட்டும், முதல்முறை வரும் இடத்தில் ஆங்கிலச் சொல்லும் கூடவே வரட்டும். இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டு முதல் வரைவு எடுப்பவர்களும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு வரிவரியாகத் திருத்தாமல் மேலே போகக் கூடாது. மதிப்பாய்வாளர் இருவரில் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தவராகவும், மற்றவர் அதே தாளைத் தமிழ்வழியில் நடத்திக்கொண்டிருக்கும் இணைப்புக் கல்லூரி ஆசிரியராகவும் இருக்கட்டும். பிறகு ஓர் அலகைப் பத்து மாணவர்களிடம் கொடுத்து, புரியாத வரிகளுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். எந்த நிபுணர் குழுவும் தராத திருத்தங்கள் அதில் கிடைக்கும். எழுத ஒரு பருவம், வகுப்பில் வைத்துப் பார்க்க ஒரு பருவம், அதற்குப் பிறகு முதல் பதிப்பு. அவசரப்பட்டு விழாத் தேதிக்கு வெளியிட்ட நூலைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

நூலைப் பல்கலைக்கழகத்தின் திட்ட இணையதளத்தில் வைக்க வேண்டாம். திட்டம் முடிந்தால் தளத்தின் சந்தா முடியும், சுட்டிகள் செத்துப்போகும். நூலகத்தின் களஞ்சியமே அதற்கு உரிய இடம். ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா தளம் இயங்குவதும் டீஸ்பேஸ் மென்பொருளில்தான். உங்கள் நூலகப் பணியாளர்களுக்கு அது புதிதல்ல, உரிமக் கட்டணமும் இல்லை. பிடிஎஃப் கோப்போடு இபப், லிப்ரே ஆபீஸ் அல்லது லாடெக் மூலக்கோப்பு, படங்களின் எஸ்விஜி ஆகியவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். மூலக்கோப்பு இல்லாமல் திருத்தும் உரிமை மட்டும் இருந்து பயனில்லை. நூல் விவரங்களைப் பதிவதற்கான டப்ளின் கோர் என்ற வரையறையில் உரிமத்தின் இணைய முகவரிக்குத் தனிப் புலம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விடாதீர்கள். தாள் குறியீட்டு எண்ணைத் தலைப்பில் போடாமல் தனிப் புலத்தில் போடுங்கள். பாடத்திட்டம் மாறியதும் எண் மாறும், அப்போது பழையதோடு புதியதையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனையும் சரியாக இருந்தால் இந்தியத் தேசிய மின்னூலகம் போன்றவை உங்கள் பட்டியலைத் தானாகவே அறுவடை செய்துகொள்ளும். கோஹா என்ற நூலக மென்பொருளின் பட்டியலில், அச்சு நூலின் பதிவிலேயே இணையச் சுட்டிக்கான 856-ஆம் புலத்தில் நிலையான முகவரியைச் சேர்த்தால், அலமாரி நூலைத் தேடும் மாணவருக்குத் திறந்த நூலும் கண்ணில் படும்.

பரப்புவது என்றதும் சுவரொட்டியும் கருத்தரங்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுதோறும் மார்ச்சில் உலகெங்கும் நடக்கும் திறந்த கல்வி வாரத்தை நீங்களும் கொண்டாடுங்கள். ஆனால் அதைவிடப் பலமடங்கு வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்துக்கும் கீழே பாடநூல்கள், பார்வை நூல்கள், இணைய மூலங்கள் என்று பட்டியல் வருகிறதல்லவா, அதில் திறந்த நூலின் பெயரும் நிலையான முகவரியும் முதல் வரியாக ஏறட்டும். அந்தப் பக்கத்தை எல்லா இணைப்புக் கல்லூரி ஆசிரியரும் பார்த்தே ஆக வேண்டும். வினாத்தாள் அமைப்பவரும் அதை வைத்துத்தான் எடுப்பார். இதைச் செய்யப் பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். நூலகர் அந்தக் குழுவில் அழைப்பு உறுப்பினராக உட்கார்ந்தால் எந்த நூல் தயார், எது பாதியில் நிற்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

மாணவரிடையே கோப்பு பரவுவது வாட்ஸாப் குழுக்களில். அங்கே முதல் பக்கம் தொலைந்துபோகும், நடுவில் நான்கு பக்கங்களின் புகைப்படம் மட்டும் சுற்றும். ஆகவே ஆசிரியர் பெயர், உரிமத்தின் பெயர், பதிப்புத் தேதி, குறுமுகவரி ஆகியவற்றை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். அலகு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகவும் கொடுங்கள். அச்செடுப்பதற்கென்று கறுப்பு வெள்ளையில் ஏ4 வடிவம் ஒன்றும், அதன் ஓரத்தில் பைண்டிங்குக்குக் கூடுதல் இடமும் வேண்டும். இணைய வசதி குறைந்த கல்லூரிகளுக்குப் பருவத் தொடக்கத்தில் ஒரு பென் டிரைவில் எல்லா நூலையும் அனுப்பி, நூலகக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு அச்சுப் பிரதிகள் இருப்பது அவசியம். திரையில் படிக்கப் பிடிக்காதவர் எப்போதும் உண்டு.

எழுதும் ஆசிரியருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் நேராகப் பேச வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் பணி மேம்பாட்டு அட்டவணையில் ஒரு முழுத் தாளுக்கான நான்கு பகுதி மின்பாடத்துக்கு 12 மதிப்பெண்ணும், நூல் மொழிபெயர்ப்புக்கு 8 மதிப்பெண்ணும் இடம்பெற்றிருக்கின்றன. திறந்த பாடநூலும் அதன் தமிழாக்கமும் எந்தக் கணக்கில் வரும் என்று உங்கள் உள்தர உறுதிக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், தயக்கம் பாதி குறையும். களஞ்சியத்தில் நூல் ஏறியதற்கான நூலகச் சான்றிதழே அதற்கான ஆவணமாக இருக்கட்டும்.

பணம் இல்லை என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆய்வாளருக்கு அது நல்லதே. பி.ஏ. முதலாண்டு தமிழ்வழி மாணவருக்கு அதில் ஒரு பக்கமும் உதவாது. அந்தத் திட்டத்தால் உங்கள் நூலகத்தின் ஆய்விதழ்ச் சந்தாத் தலைப்பில் மிச்சமாகும் தொகையை வேறு எதற்கும் திருப்பிவிடாமல் திறந்த பாடநூல் நிதியாக நூலகத்திடமே விடுங்கள். இரண்டு ஆசிரியர், இரண்டு மதிப்பாய்வாளர், ஒரு மொழித் திருத்துநர், ஒரு தட்டச்சு–கோப்பு உதவியாளர், படம் வரைபவர் என்று ஒரு நூலுக்கு ஏழு பேரின் மதிப்பூதியம்தான் செலவு.

அடுத்த கல்விப் பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இவற்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: திறந்த பாடநூல்களுக்கான பொறுப்பு அலுவலராகப் பல்கலைக்கழக நூலகரை அறிவிக்கும் ஆணை; மேலே சொன்ன உரிமத்தையும் ஒரு பக்கப் படிவத்தையும் ஏற்கும் தீர்மானம்; தொலைநிலைக் கல்வி நூல்களின் ஒப்பந்தக் கோப்புகளை ஆறு மாதத்துக்குள் நூலகத்திடம் ஒப்படைக்கும் உத்தரவு; முதல் கட்டத்துக்கு, தமிழ்வழியில் அதிகம் பேர் எழுதும் ஐந்து தாள்களின் பட்டியல். எந்தத் தாளைத் தமிழில் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்கு உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை நூலகரிடம் இந்த வாரமே கொடுத்துவிடலாம், அதற்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தமிழ்வழிக் கல்வியில் பணியாற்றும் நூலகர்கள், ஆசிரியர்கள், தமிழ்க் கணிமைப் பணியாளர்கள்